சினை மாடும் ரோமாபுரிப் பூமாதேவியும்

என் இரட்டைப் பிள்ளைகளுக்கு எட்டு மாதம் ஆனபோது, அவர்களை ஒரு ரோமாபுரித் தெய்வத்தின் மடியில் உட்கார வைக்க வேண்டும் என்று துரைசாணி பங்களாவிலிருந்து சொல்லி அனுப்பினார். சேதி கொண்டுவந்த சமையல்காரருக்கு ரோமாபுரி தெரியாது. "ரெண்டு பிள்ளையும் வேணுமாம், சாமிக்கு," என்று மட்டும் சொன்னார். நான் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, ஆளுக்கொரு இடுப்பில் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு உடனே மேடேறினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நாங்கள் ஈப்போவிலிருந்து ஒன்பது கல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார். மற்ற நாளில் காய்ச்சல், பிரசவம், கத்திக்காயம் எல்லாம் என் கணவர் கையில். நான் தைப்பிங்கில் கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலீஷ் படித்தவள். துரைசாணியோடு முழு வாக்கியத்தில் பேசக்கூடிய பெண் தோட்டத்தில் நான் ஒருத்திதான்.

துரைசாணிக்கும் கொஞ்சம் தமிழ் தெரியும். துரைமாருக்கென்று அச்சடித்த பாடப் புத்தகம் ஒன்றிலிருந்து கற்றிருந்தார். அந்தப் புத்தகத்தில் எல்லாமே ஏவல். வா, போ, தண்ணீர் கொண்டு வா, பேசாதே, மரத்தைக் காயப்படுத்தாதே. 'நான்' என்ற சொல் அதில் எந்தப் பாடத்திலும் வரவில்லை என்று அவரே பின்னால் என்னிடம் சொன்னார்.

மேசை மேல் ஒரு படத்தை வைத்துக் காட்டினார். ரோமில் இருக்கும் ஒரு பழைய பளிங்குச் சிற்பத்தின் படம். நடுவில் தாட்டியான ஒரு பெண் பாறையில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் இரண்டு குழந்தைகள், பழங்கள். காலடியில் ஒரு மாடு படுத்திருக்கிறது, ஓர் ஆடு மேய்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் தலைக்கு மேல் துணியைக் காற்றில் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"இவள் டெல்லுஸ்," என்றார் துரைசாணி இங்கிலீஷில். "ரோமானியர்களுடைய பூமித்தாய். இவள் அவளில்லை, வேறு யாரோ என்று சொல்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள். என் அப்பா லத்தீன் வாத்தியார். அவர் இவள்தான் என்பார். அதனால் நம் தோட்டத்தில் இவள்தான்."

"எங்களுக்கும் பூமாதேவி உண்டு, மேடம்," என்றேன்.

"அப்படியா? நல்லது," என்றார், எங்களுக்கும் குடை உண்டு என்று நான் சொன்னதுபோல.

விஷயம் இதுதான். ஏப்ரல் மாதம் பங்களாத் தோட்டத்தில் ஒரு விருந்து. ஈப்போவிலிருந்தும் சுங்காயிலிருந்தும் துரைமார் குடும்பங்கள் வரும். வந்தவர்களுக்கு முன்னால் திரையை விலக்கினால் இந்தச் சிற்பம் உயிருள்ள ஆட்களாக இரண்டு நிமிடம் அசையாமல் இருக்கும். பூமித்தாயாக உட்கார ஈயம் தோண்டும் லம்பத்து இஞ்சினியர் ஒருவரின் மனைவி ஒப்புக்கொண்டிருந்தார். அந்த வட்டாரத்தில் அவரைவிடத் தாட்டியான வெள்ளைக்காரி இல்லை. துணி பறக்கவிட இரண்டு இளம் பெண்கள் கிடைத்துவிட்டார்கள். செம்மறி கிடைக்காததால் கங்காணி வீட்டு வெள்ளாடு. ஒரே வயதில் இரண்டு குழந்தைகள் என்று தேடினால் என்னிடம்தான் வர வேண்டும். மாடு மட்டும் பாக்கி.

"சினை மாடாக இருக்க வேண்டும்," என்றார்.

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஏப்ரல் பதினைந்தாம் தேதி ரோமில் பூமித்தாய்க்கு ஒரு திருநாள். அது எங்கள் சித்திரைப் பிறப்பை ஒட்டி வருகிறது. பூமி அப்போது விதையைச் சுமந்துகொண்டிருப்பதால் அவளுக்குச் சினை மாடுதான் பொருத்தமாம். நகரத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு சினை மாட்டைக் கொண்டுவருமாம்.

"கொண்டுவந்து?"

"பலியிடுவார்கள். கன்றை வெளியே எடுத்து எரிப்பார்கள். அந்தச் சாம்பலைப் பத்திரமாக எடுத்துவைத்து, பிறகு வேறு ஒரு திருநாளுக்குப் பயன்படுத்துவார்கள். கேக் எடுத்துக்கொள்ளுங்கள்."

நான் கேக் எடுத்துக்கொள்ளவில்லை.

தோட்டத்தில் அப்போது சினையாக இருந்தது ஒரே மாடு. அதன் சொந்தக்காரி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், நாற்பது வயதிருக்கும், தனியாள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு அவனுடைய தங்கக் கடுக்கனைக் கொடுத்து அந்தப் பசுவை வாங்கியிருந்தாள். தோட்டம் முழுக்க அவளுக்கு மாட்டுக்கார அக்கா என்று பெயர். நல்ல உயரம், நல்ல பருமன். லயத்து வரிசை வீட்டு வாசலில் அவள் வந்து நின்றால் உள்ளே வெளிச்சம் குறையும். துரைசாணியை 'அவர்' என்றும் அக்காவை 'அவள்' என்றும் எழுதுகிறேன். அப்போது அப்படித்தான் பேசினோம்.

மாட்டுக் கொட்டகையில் போய் விஷயத்தைச் சொன்னேன். அக்கா சாணி அள்ளிக்கொண்டே கேட்டாள்.

"மாட்டுக்கு அங்க என்னா வேலை?"

"சும்மா படுத்திருக்கணும் அக்கா. ரெண்டு நிமிசம்."

"அதுக்கு எதுக்கு சினை மாடு? மலட்டு மாடு படுக்காதா?"

எனக்குப் பொய் சொல்ல வராது. இது ஒரு குணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ரோமில் பழைய காலத்தில் என்ன செய்வார்கள் என்று சொல்லிவிட்டேன். பழைய காலம் என்று மூன்று தடவை சொன்னேன். அக்கா சாணிக் கூடையைக் கீழே வைத்தாள்.

"போயிட்டு வாங்க டிரஸ்ஸரம்மா," என்றாள்.

மறுநாள் காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, ஆட்கள் வருவதற்குள் அந்தப் 'பழைய காலம்' சேதியிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. துரைசாணி சித்திரை மாதம் சினை மாட்டை வெட்டிப் பூமிக்குக் காவு கொடுக்கப் போகிறார். கன்றைச் சாம்பலாக்கி ஜாடியில் வைக்கப் போகிறார். டிரஸ்ஸரம்மாவே தன் வாயால் சொன்னார். என் பிள்ளைகளை என்ன செய்யப் போகிறார்கள் என்பதில் இரண்டு கருத்து இருந்தது. பெண்கள் யாரும் மரத்துக்குப் போகவில்லை. அக்கா மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து, அதன் கழுத்தில் கையைப் போட்டபடி பெரட்டுத் திடலின் நடுவில் நின்றாள்.

தோட்டத்தை நடத்தும் துரை என் கணவரைக் கூப்பிட்டுக் கத்தினார். என் கணவர் வீட்டுக்கு வந்து கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை.

"மாட்டுக்கு என்னா செய்வாங்கன்னு கேட்டாளா?"

"கேட்டா."

"சொல்லிட்டே."

"சொல்லிட்டேன்."

"சரி, வா," என்று தொப்பியை எடுத்துக்கொண்டார்.

திடலில் நான் எவ்வளவு சொல்லியும் அக்கா கேட்கவில்லை. கடைசியில், "அந்தம்மா எறங்கி வரட்டும். மாட்டுக்கு ஒன்னும் ஆவாது, திருப்பிக் கொண்டாந்து உடுறேன்னு மண்ணத் தொட்டுச் சொல்லட்டும். அப்ப தாரேன்," என்றாள். துரைசாணி மண்ணைத் தொடுவதாவது என்று கங்காணி அதட்டினார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பங்களாவுக்குப் போய் இதைச் சொல்ல வேண்டியவளும் நான்தான். துரைசாணி முழுவதையும் கேட்டார். முகம் சிவந்து கோபப்படுவார் என்று காத்திருந்தேன். முகம் சிவந்தது, ஆனால் சந்தோஷத்தில்.

"மண்ணைத் தொட்டா? ரோமானியர்களும் அப்படித்தான் செய்வார்கள்! டெல்லுஸின் பெயரைச் சொல்லும்போது கையை மேலே தூக்க மாட்டார்கள், தரையைத் தொடுவார்கள்," என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். நான் குடையைப் பிடிப்பதற்குள் பாதி மேடு இறங்கிவிட்டார்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. வெள்ளைப் பாவாடையோடு திடலில் மண்டியிட்டு இரண்டு உள்ளங்கையையும் சேற்றில் ஊன்றினார். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமிழிலேயே சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் புத்தகத்தில் ஏவல் மட்டும்தானே இருந்தது.

"மாடு... போ," என்றார். யோசித்தார். "மாடு... வா."

யாரும் சிரிக்கவில்லை. துரை தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்பிக் கொண்டுவருவேன்," என்று நான் மெதுவாகச் சொல்லிக்கொடுத்தேன். "நான் திருப்பிக் கொண்டுவருவேன்."

"நான்," என்றார் துரைசாணி. அதற்குப் பிறகு மீதியும் வந்தது.

அக்கா குனிந்து அவர் கையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தாள். "சரி. ஆனா நானும் கூட வாரேன். மாட்ட உட்டு நவுர மாட்டேன்," என்றாள். பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போனார்கள்.

விருந்தன்று மாலை நான்கு மணிக்கு வெயில் நன்றாக இருந்தது. மோட்டார் வண்டிகள் பன்னிரண்டு வந்து நின்றன. இரண்டு படுக்கை விரிப்புகளைத் தைத்துத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் பாறைக்குப் பதிலாகச் சாக்கு போர்த்திய பெட்டி. இஞ்சினியரின் மனைவி ஒரு தோள் தெரிய வெள்ளைத் துணி சுற்றி அதில் உட்கார்ந்தார். மடியில் ரம்புத்தான், மங்குஸ்தான், வாழைப்பழம். திராட்சை கிடைக்காததால் துரைசாணி தன் தொப்பியிலிருந்த மெழுகுத் திராட்சைக் கொத்தைப் பிய்த்து வைத்திருந்தார்.

பிள்ளைகளை மடியில் வைத்தேன். மூத்தவன் உடனே அந்த அம்மாளின் துணியை நனைத்தான். அவர் பொறுத்துக்கொண்டார். இளையவன் அழுதான். அதையும் பொறுத்துக்கொண்டார். மாடு படுக்க மறுத்து அவருக்குப் பின்னால் நின்றது. நின்றுகொண்டு, வெயிலில் வியர்த்திருந்த அந்த வெள்ளைத் தோளை அடியிலிருந்து நுனி வரை ஒரு தடவை நக்கியது. மாட்டு நாக்கு எவ்வளவு சொரசொரப்பு என்று நக்கப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். பூமித்தாய் எழுந்து, பழங்கள் உருள, பிள்ளைகளை என் கையில் திணித்துவிட்டு, பின்பக்கமாகத் தன் மோட்டார் வண்டிக்குப் போய் ஏறிக்கொண்டார்.

திரைக்கு முன்னால் துரை ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தார். துரைசாணி என்னைப் பார்த்தார். நான் அப்போது எலும்பும் தோலுமாக இருந்தேன். பூமி அவ்வளவு வற்றிப்போய் இருக்க முடியாது என்று அவருக்கே தெரிந்தது. பிறகு மாட்டைப் பார்த்தார். அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள்.

"உட்கார்," என்றார் தமிழில். இந்தச் சொல் புத்தகத்தில் இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். "அசையாம உக்காரணும் அக்கா, அவ்வளவுதான்," என்றேன். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு உட்கார்ந்தாள். வெள்ளைத் துணியை அவள் சேலைக்கு மேலேயே சுற்றினோம். பிள்ளைகளை மடியில் வைத்ததும் இளையவன் அழுகையை நிறுத்தினான். அக்கா உட்கார்ந்துவிட்டதால் மாடும் அவள் காலடியில் படுத்துவிட்டது. திரை விலகியது.

பின்னாலிருந்து பார்த்த எனக்கு அவள் முதுகும் எதிரே இருந்த முகங்களும்தான் தெரிந்தன. முதலில் முகங்களில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நரைத்த துரை கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். துணியைப் பறக்கவிட வேண்டிய பெண்கள் இருவரும் அதை மறந்து நின்றார்கள். அக்கா ஒரு பிள்ளையை ஒரு கையாலும் மற்றவனை மறு கையாலும் அணைத்தபடி, நேராக எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்நூறு மரம் பால் வெட்டி முடித்துவிட்டு அவள் அப்படித்தான் உட்காருவாள்.

அந்த நேரத்தில் மாடு கழுத்தை நீட்டி அவள் மடியிலிருந்த வாழைப்பழத்தைத் தின்றது. அடுத்து ரம்புத்தான். அடுத்து மெழுகுத் திராட்சை, பட்டு இலைகளோடு. அக்காவின் கண்கள் மட்டும் கீழே போயின. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தோம். அவள் அசையவில்லை.

நன்றாகக் கைதட்டினார்கள். மாடு தின்றதையும் காட்சியின் பகுதி என்றே எடுத்துக்கொண்டார்கள். ஈப்போவில் வரும் இங்கிலீஷ் பத்திரிகையில் அடுத்த வாரம் நான்கு வரி போட்டிருந்தார்கள். துணி பறக்கவிட்ட பெண்களைப் பற்றி மூன்று வரி.

மறுநாள் காலையில் மாடு தீனி எடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் இடது பக்கம் வயிறு உப்பிவிட்டது. என் கணவர் போனார். அவர் மனுஷருக்கான டிரஸ்ஸர். சினை மாட்டுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று மருத்துவப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். புத்தகத்தில் மாடே இல்லை. அக்கா ஓமமும் இஞ்சியும் இடித்து நல்லெண்ணெயில் கலந்து மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினாள். பிறகு மாட்டின் வயிற்றைத் தேய்க்க ஆரம்பித்தாள். என்னையும் குறை சொல்லவில்லை, துரைசாணியையும் குறை சொல்லவில்லை. அது எனக்குத் திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சேதி கேட்டுத் துரைசாணி வந்தார். கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். மூலையில் கிடந்த, கித்தா என்கிற ரப்பர் அடைக்கும் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துரை ஆள் அனுப்பினார். "மண்ணைத் தொட்டுச் சொல்லியிருக்கிறேன், மாட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை," என்று பதில் சொல்லி அனுப்பினார். மாடு அதன் கொட்டகையில்தான் நின்றது. ஆனால் அவர் சொன்னது எனக்கும் என் கணவருக்கும், நான் தமிழில் சொன்னதும் அக்காவுக்கும் புரிந்தது.

அன்று பொழுது சாயும்வரை இருந்தார். மறுநாள் விடிந்ததும் வந்தார். அக்கா கை ஓய்ந்தபோது தானும் வயிற்றைத் தேய்த்தார். எப்படித் தேய்ப்பது என்று அக்கா அவர் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். இரண்டாம் நாள் மத்தியானம் எண்ணெய் கொண்டுவர நான் ஓட வேண்டியிருந்தது. கையிலிருந்த இளையவனைப் பக்கத்திலிருந்தவர் மடியில் போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோதுதான் அது துரைசாணி என்று உறைத்தது.

அவர் அவனைக் கண்ணாடிப் பாத்திரம்போலப் பிடித்திருந்தார். முந்தின வருஷம் அவருக்குப் பிறந்த பெண்குழந்தை பதினோரு நாள்தான் இருந்தது. ஈப்போவில் புதைத்தார்கள். அந்தப் பதினோரு நாளும் பங்களாவுக்குப் போய்வந்த என் கணவர், இன்றுவரை வீட்டில் அதைப் பேசியதில்லை.

அக்கா வயிற்றைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "அந்தப் புள்ளைய எங்க வச்சாங்க, கேளுங்க."

கேட்டேன். துரைசாணி சொன்னார்.

"பால் ஊத்துனாங்களா?"

இதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. புதைத்த இடத்தில் பால் ஊற்றுவது எங்கள் வழக்கம், உங்களிடம் உண்டா என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். துரைசாணி இல்லை என்று தலையசைத்தார். "ரோமானியர்கள் ஊற்றுவார்கள்," என்றார். "நாங்கள் விட்டுவிட்டோம்."

"ஊத்தலையாம் அக்கா," என்றேன்.

"பச்சப் புள்ள. பால் தானே குடிக்கும்," என்றாள் அக்கா. துரைசாணி மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மெழுகும் பட்டு இலையும் சாணியில் வந்து சேர்ந்தன. என் கணவர் அதைக் குச்சியால் கிளறிப் பார்த்து, "முழுசா வந்திருச்சு," என்று அறிவித்தார். மாடு எழுந்து புல் தின்றது. துரைசாணி சாணிக் கையோடு பங்களாவுக்கு நடந்து போனார். இனி மேட்டுக்கு எந்தக் கால்நடையும் வரக்கூடாது என்று அன்றைக்கே துரை உத்தரவு போட்டார். ஆட்டுக்கும் அது பொருந்தும் என்று தனியாக எழுதியிருந்தது.

இருபது நாள் கழித்து மாடு கன்று போட்டது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. சீம்பால் தீர்ந்து நல்ல பால் வந்த அன்று, அக்கா ஒரு பித்தளைச் செம்பு நிறையக் கறந்து, அதன் வாயில் வாழையிலை கட்டி, பங்களாவின் பின்வாசலில் போய் நின்றாள். நானும் கூட நின்றேன்.

"வண்டியக் கொண்டாரச் சொல்லுங்க," என்றாள் என்னிடம்.

துரைசாணி செம்பைப் பார்த்தார். உள்ளே போய்த் தொப்பியை எடுத்து வந்தார். மூன்று பேரும் துரையின் மோட்டாரில் ஏறினோம். பின்சீட்டில் துரைசாணிக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்ததைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, வண்டி ஓட்டியவர் இரண்டு தடவை பள்ளத்தில் விட்டார். பால் சிந்தாமல் இருக்க அக்கா செம்பை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது கல் தாண்டி ஈப்போ கல்லறைத் தோட்டத்தில் இறங்கினோம்.

கல்லறை சின்னது. பக்கத்தில் ஒரு மருத மரம் இருந்தது. அக்கா செருப்பில்லாதவள்; அப்படியே போய் நின்றாள். துரைசாணி செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன். அக்கா செம்பை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நின்றார்.

"தலமாட்டுல," என்றாள் அக்கா.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் அவர் குனிந்துவிட்டார். மெதுவாக ஊற்றினார். மண் வறண்டு கிடந்ததால் பால் கொஞ்சமும் தேங்கவில்லை. செம்பு காலியான பிறகும் அப்படியே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. அக்கா அவர் முதுகில் கையை வைத்தாள், மாட்டைத் தேய்த்தாளே, அதே கை, அதே அழுத்தம்.

அதற்குள் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற கிழவர் துடைப்பத்தோடு வந்துவிட்டார். அவரும் தமிழர்தான். வெள்ளைக்காரப் பெண்மணியைப் பார்த்ததும் துடைப்பத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு, என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"என்னாங்கம்மா ஊத்துறாங்க?"

"பால்."

"எறும்பு வருமே லா," என்றார். "இங்க நான்தானே கூட்டணும்."

"வரட்டும்ணே," என்றாள் அக்கா.